நிழல் விழாத போட்டோ

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். கூடத்தில், மேற்குப் பார்த்த வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த மர நாற்காலியில் ராஜாம்பாள். அவளுக்கு இடது கைப்பக்கம் தரையில், காலை நீட்டிக்கொண்டு, அவளுடைய ஓர்ப்படி பெரியம்மாள். பெரியம்மாளுக்குப் பக்கத்தில், அரிசி டிரம்மில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதிர்வீட்டுக் குஞ்சம்மாள். வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் போட்ட பெஞ்சில், பெரியம்மாளின் புருஷன் ராசுவும் அவருடைய கூட்டாளி அம்மாசியும்.

ராஜாம்பாளுக்கு முதலில் உறுத்தியது அந்த பெஞ்சுதான். அது எப்போதும் கூடத்துக்குள் டி.வி.க்கு எதிரில் கிடப்பது. அதை யார் வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள் என்று அவள் பார்க்கவில்லை. போட்டோ எடுக்க இடம் வேண்டுமே என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் ஆண்கள் வெளியே பெஞ்சில், பெண்கள் உள்ளே தரையில், நடுவில் ஒரு நாற்காலி என்று ஆட்கள் இப்படிப் பிரிந்து உட்கார்ந்திருப்பதை அவள் இதற்கு முன்னால் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று உடனே நினைவுக்கு வரவில்லை. கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தியாக இருந்த வருஷம் அது. மின்விசிறி நின்றுபோய், சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து வந்த பாகு வாசனை கூடத்துக்குள் அசையாமல் தங்கியிருந்தது. பெரியம்மாளும் குஞ்சம்மாளும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்து அறையில் யாரோ படுத்திருப்பதுபோல. அது தொகுப்பு வீடு. கூடத்தையும் சமையற்கட்டையும் தவிர அங்கே வேறு அறை கிடையாது.

குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் ஆள் கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா காகிதத்தோடு வைக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை பின்னால் இருந்த துணி நீலம். இரண்டாம் தடவை வெள்ளைத் துணி வைத்தே எடுத்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, உதடு மூடாமல் பல் தெரிகிறது, தோளுக்குப் பின்னால் நிழல் விழுந்திருக்கிறது என்று சொல்லி, நிழலைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பிவிட்டார்கள். சென்னையில் இருந்த ஏஜென்ட் அம்மா போனில் கோபப்படவில்லை. நாளைக்குக் கவர் தன் கைக்கு வரவேண்டும், இந்த வாட்டியும் திரும்பினால் அந்த இடம் சின்னசேலத்துப் பெண் ஒருத்திக்குப் போய்விடும் என்று மட்டும் சொன்னாள்.

அந்த இடம் என்றால் ராஜாம்பாளுக்கு நாடோ சம்பளமோ நினைவுக்கு வருவதில்லை. ஏஜென்ட் அம்மா பேச்சுவாக்கில் சொன்ன ஓர் அறைதான் வரும். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறைதான், ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. புருஷன் பழனி செத்துப்போனதிலிருந்து அவள் இந்தக் கூடத்தில் அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவே பாய் போட்டுப் படுக்கிறாள். யாரும் அடிப்பதில்லை, வைவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதும் இல்லை. இருட்டில் எழுந்து வெளியே போகிறவர்கள் அவள் காலை மிதித்துவிட்டு, மிதித்தது தெரியாமலே போவார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள். அதைப் போடும்போது எழும் இரும்புச் சத்தம்கூட அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

டவுன் ஸ்டுடியோக்காரர்களை நம்பிப் பிரயோஜனமில்லை, மாயவனைக் கூப்பிட்டு வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று முந்தின நாள் முடிவு செய்தது ராசுதான். அவன் எடுக்கிற போட்டோ வேறாயிற்றே என்று பெரியம்மாள் இழுத்தாள். குஞ்சம்மாள்தான் அதைச் சிரிப்பாக்கினாள்.

"பொணத்தையே நேரா ஒக்கார வெச்சி கண்ணத் தொறக்க வெச்சவன் அவன். இவ உசுரோட கீறவ. இவள ஒக்கார வெக்க மாட்டானா இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாம்பாளும் சிரித்தாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல், சிரித்து முடித்த பிறகும் உதடு சேராது.

குஞ்சம்மாள் சொன்னதில் பொய் இல்லை. கச்சிராயபாளையத்தைச் சுற்றிய மலையடி ஊர்களில் யார் செத்தாலும் மாயவனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். தூக்குவதற்கு முன்னால் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தபந்தம் சுற்றி நிற்க ஒரு படம், சுவரில் மாட்டுவதற்கு முகம் மட்டும் ஒரு படம் எடுப்பது அங்கே பழக்கம். செல்போன் வந்த பிறகு காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள், இதற்கு மட்டும் யாருக்கும் கை வரவில்லை. பழனியையும் மாயவன்தான் எடுத்தான். வெள்ளிமலை ரோட்டில் கடுக்காய் லோடு ஏற்றிய லாரி கவிழ்ந்து, கழுத்து ஒடிந்து வந்த பழனியை, ஏதோ ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டு உட்கார்ந்திருக்கிறவனைப்போல எடுத்துக் கொடுத்தான். அந்தப் படம் மாட்டியிருந்த சுவர்தான் இது. வெள்ளையாக இருந்த சுவர் இது ஒன்றுதான். படத்தை மத்தியானமே கழற்றி, டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

வெயில் மலைமேல் சரிந்துகொண்டிருந்தபோது மாயவன் வந்தான். ஒல்லியான ஆள், தோளில் கறுப்புப் பை, கையில் மடித்த வெள்ளைத் துணி. செருப்பைத் தெருவிலேயே விட்டான். பெஞ்சிலிருந்து ராசு எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மாயவன் அந்தக் கைகளைத் தொட்டுவிட்டு, அடுத்து அம்மாசியின் கைகளையும் தொட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்தான்.

அப்போது ராஜாம்பாளுக்கு நினைவு வந்துவிட்டது. துக்க வீட்டில்தான் அப்படிக் கை தொடுவார்கள். துக்க வீட்டில்தான் பெஞ்சு வெளியே போகும்.

பாவம், அவனுக்குப் பழக்க தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தினம் அதே வேலையாக இருக்கிறவன், போகிற இடமெல்லாம் கை அப்படித்தான் நீளும். அவன் கையைப் பார்த்து இவர் கையும் நீண்டிருக்கும். ஆனால் முதலில் நீட்டியது ராசு. அதையும் அவள் பார்த்திருந்தாள்.

பெரியம்மாள் டீ போடட்டுமா என்று கேட்டாள். இந்த வீட்டில் தண்ணீர்கூட வேண்டாம் என்று மாயவன் தலையை ஆட்டினான். பிறகு ராஜாம்பாளைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒரு பக்கமிருந்தும் பிறகு இன்னொரு பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, பெரியம்மாளிடம் கேட்டான்.

"எப்பத்துலேர்ந்து இப்பிடி ஒக்கார வெச்சிருக்கீங்க?"

"மத்தியானத்துலேர்ந்துங்க."

"கை கால் வெறைக்கலியே?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப செரி. வெறைக்கறதுக்குள்ள முடிச்சிப்புடலாம்."

கால் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது அண்ணா என்று ராஜாம்பாள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் பேசியதைக் கேட்டுப் பெரியம்மாளும் திரும்பவில்லை. மெதுவாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று ராஜாம்பாள் நினைத்தாள்.

ஏஜென்ட் அம்மா அனுப்பியிருந்த மாதிரித் தாளை மாயவன் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தான். சிரிக்கக் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும். கண் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். தலை நேராக நிற்க வேண்டும். நிழல் விழக் கூடாது. படித்துவிட்டுத் தாளை மடித்து ராசுவிடம் திருப்பிக் கொடுத்தான்.

"இம்மாந்தானா? நான் தெனம் பண்றதுதான் இது."

சுவரில் இரண்டு ஆணி அடித்து அவன் துணியை விரித்துக் கட்டினான். அது அவளுடைய தலைக்குப் பின்னால் விரிந்து இறங்கியபோது ஒரு காற்று வந்தது. அந்தக் காற்றில் ஊதுபத்தியும் பன்னீரும், அவற்றுக்கு அடியில் ஈரத்தோடு மடித்து வைத்த துணியின் புளிப்பும், அதற்கும் அடியில் நாள்பட்ட சாமந்தி மாலையின் அழுகல் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஆலைப் பாகு வாசனையோடு கலந்து, அவள் மூக்கில் நின்றன. பின்னங்கழுத்தைத் துணி தொட்டது. குளிர்ச்சியாக இருந்தது. எழுந்துவிடலாமா என்று தோன்றியது. எழுந்தால் கவர் இன்று போகாது. கவர் போகாவிட்டால் சின்னசேலத்துப் பெண் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாள். அவள் உட்கார்ந்திருந்தாள்.

பெரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள். நெற்றியிலிருந்து கீழே, மறுபடியும் நெற்றியிலிருந்து கீழே, ஒரே வாக்கில் துடைத்தாள். நானே துடைத்துக்கொள்கிறேன் அக்கா என்று ராஜாம்பாள் கை எடுத்தாள். பெரியம்மாள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து, அதன்மேல் இன்னொரு கையை எடுத்து வைத்துவிட்டுத் துடைத்தாள். தலைக்கு எண்ணெய் தடவி, காது இரண்டும் தெரியும்படி இழுத்து வாரினாள். கம்மல் மின்னுகிறது, வெளிச்சம் தெறிக்கும் என்று மாயவன் சொன்னதும் அதைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அது ராஜாம்பாளிடம் மிச்சமிருந்த ஒரே தங்கம். முடிந்த முடிச்சைப் பெரியம்மாள் இடுப்பில் செருகுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தல சாயுது பாருங்க," என்றான் மாயவன்.

பையிலிருந்து ஒரு மூங்கில் பத்தையை எடுத்தான். கை பட்டுக் கை பட்டு வழவழவென்று பழுத்திருந்த பத்தை. அதை ரவிக்கைக்குள் முதுகோடு நுழைத்து, மேல் நுனி பின்மண்டையைத் தாங்கும்படி நிறுத்தி, நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டினான். பழனிக்கும் இப்படித்தான் கட்டினான். அன்றைக்கு ராஜாம்பாள் பெரியம்மாள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தை ஏறும்போது பழனியின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லையே என்று அவளுக்கு அன்று தோன்றியது. இப்போது தன் முகத்தில் ஏதாவது மாறியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்தது வாய். உதட்டை அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், பிடி தளர்ந்ததும் பல் தெரிந்தது. மாயவன் வெள்ளைத் துணி ஒன்றை நாடாவாகக் கிழித்து, மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். கொஞ்ச நேரம் இருந்தால் அப்படியே நின்றுவிடும், எடுக்கும்போது அவிழ்த்துவிடலாம் என்றான். பல் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது. அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. பேச ஒன்றும் இல்லை என்றும் பட்டது.

உடம்பு இடதுபக்கம் சரிகிறது என்று, காலைச் சேர்த்து வைத்து, இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினான்.

குஞ்சம்மாள் அதுவரைக்கும் ஏதாவது கேலி பேசிக்கொண்டே இருந்தவள். விரலைக் கட்டியதும் நிறுத்திவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எழுந்து இது எதற்கு என்று கேட்பாள் என்று ராஜாம்பாள் எதிர்பார்த்தாள். குஞ்சம்மாள் பெரியம்மாளின் தோளில் கை வைத்தாள்.

"நல்லவ. அரிசி களஞ்சா ஒரு மணி கீழ வுடமாட்டா."

"ஆமா," என்றாள் பெரியம்மாள். "சத்தம் போட்டு ஒரு வார்த்த பேசுனது இல்ல."

குவைத்துக்குப் போகிறேன், அதனால் சொல்கிறார்கள். ராஜாம்பாள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஊரைவிட்டுப் போகிறவளை நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம்தானே. ஆனால் பெரியம்மாள் சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், கண்ணைக்கூடத் துடைக்காமல் அழுதாள். இத்தனை வருஷத்தில் தனக்காக அவள் அழுது ராஜாம்பாள் பார்த்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

காலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. விரலிலிருந்து கணுக்காலுக்கு ஏறியது, பிறகு முழங்காலுக்கு. கொஞ்ச நேரத்தில் எறும்பும் இல்லை. கால் இருக்கும் இடத்தில் கால் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மடியில் கிடந்த கைகளும் அப்படித்தான். யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன கைகள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அந்த ஊரில் எப்போதும் சீக்கிரம் இறங்கிவிடும். வாசலுக்கு வெளியே கல்வராயன் மலை முழுசும் ஒரே கறுப்பாகி, கிட்ட வந்து நின்றதுபோல இருந்தது. பெரியம்மாள் ஒரு காமாட்சி விளக்கைக் கொளுத்திக் கொண்டுவந்தாள். பெஞ்சுப் பக்கம் வைப்பாள், இல்லை சமையற்கட்டில் வைப்பாள் என்று ராஜாம்பாள் நினைத்தாள். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.

மாயவன் மோவாய்க்கட்டை அவிழ்த்தான். வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, நின்னுகிச்சி," என்றான்.

கேமராவைத் தூக்கினான். பளிச்சென்றது. பார்த்தான். உதட்டைச் சுழித்தான். கண் மூடிவிட்டது என்றான். மறுபடியும் எடுத்தான். மறுபடியும் கண் மூடிவிட்டது. வெளிச்சம் வந்தால் இமை தானாக மூடுகிறது, அவள் என்ன செய்வாள். அவன் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கிட்ட வந்தான். பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவைத் திறந்து, விளக்கெண்ணெயில் இரண்டு கட்டைவிரலையும் தோய்த்தான். அவள் கண்ணை முதலில் மூடினான். இமையின்மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினான். உள்ளே சிவப்பாகத் தெரிந்தது, பிறகு கறுப்பு. பிறகு இமையை மேலே தூக்கி, புருவத்துக்கு அடியில் ஏதோ ஒரு மடிப்பில் வைத்து, விட்டான்.

இமை அங்கேயே நின்றது.

அவள் கண்ணைச் சிமிட்டப் பார்த்தாள். எந்த இடத்திலிருந்து சிமிட்டுவது என்று தெரியவில்லை.

"தோள் ஆடுது," என்றான் அவன். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவளைப் பார்த்துப் பேசினான். பச்சைப்பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினான்.

"மூச்ச நிறுத்தும்மா."

அவள் நிறுத்தினாள்.

பளிச்.

அவன் கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கீழே உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் அளவு பிரிண்டர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, பேட்டரியைச் செருகினான். பெரியம்மாளும் குஞ்சம்மாளும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பெஞ்சிலிருந்து ராசுவும் அம்மாசியும் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்கள். உள்ளே கால் வைக்கவில்லை.

பிரிண்டர் உறுமியது. தாள் ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் வெளியே நீண்டது. அதில் மஞ்சளாக ஒரு முகம். ஒன்றல்ல, வரிசை வரிசையாக, மஞ்சள் பூசிய ஒரே முகம். தாள் திரும்ப உள்ளே போனது. அடுத்து வெளியே வந்தபோது சிவப்பு ஏறியிருந்தது, உதடும் காதும் தெரிந்தன. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. நீலம் சேர்ந்து, கறுப்பு சேர்ந்து, தலைமயிர் வந்தது, கண் வந்தது. கடைசியாக ஒரு தடவை, பளபளப்புக்காக, உள்ளே போய் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தட்டியது.

மூச்சை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அவளும் விடவில்லை.

மஞ்சள் வந்து, சிவப்பு வந்து, நீலம் வந்து. அவ்வளவு நேரம். நெஞ்சு முட்டவில்லை. காது அடைக்கவில்லை. மூச்சு வேண்டும் என்று உடம்பில் எந்த இடமும் கேட்கவில்லை. சரி, இப்போது இழுப்போம் என்று அவள் இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் போகவும் இல்லை.

பயம் வர வேண்டும். வந்தது. ஆனால் எங்கோ தூரத்தில், பக்கத்து ஊர் ஒலிபெருக்கிபோல. அவளுக்கென்று வந்த மாதிரி இல்லை.

மாயவன் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தான். ராசு நிலைப்படியில் நின்றபடியே மாதிரித் தாளை நீட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தலை நேராக இருந்தது. வாய் மூடியிருந்தது. காது இரண்டும் தெரிந்தன. கண் திறந்திருந்தது. பெரியம்மாள் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், தோளுக்குப் பின்னால், கழுத்துக்குப் பின்னால்.

"நெழலே இல்லியே," என்றாள்.

"இல்ல," என்றான் மாயவன். "வுழாது."

விளக்கு நாற்காலிக் காலடியில் எரிந்துகொண்டிருந்தது. எல்லாருடைய நிழலும் சுவர்களில் பெரிசு பெரிசாக எழுந்து ஆடியது. பெரியம்மாளுடையது. குஞ்சம்மாளுடையது. நிலைப்படிக்காரர்கள் இருவருடையதும். ராஜாம்பாளின் கண் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. எதிரே தெரிந்த அளவில் அவள் எண்ணிப் பார்த்தாள். அவர்களுடையதை மட்டும்தான் எண்ண முடிந்தது.

இந்தத் தடவை திருப்பி அனுப்ப ஒரு காரணமும் கிடைக்காது என்று ராசு சொன்னார். குரலில் நிம்மதி தெரிந்தது. மாயவன் கத்தரிக்கோலால் முகங்களை ஒவ்வொன்றாக வெட்டினான். ஓரம் பிசகாமல் வெட்டினான். பெரியம்மாள் அவற்றை விசா காகிதங்களோடு கவருக்குள் போட்டாள். பசை இல்லை. சமையற்கட்டுக்குப் போய், பானையில் மத்தியானச் சோற்றுப் பருக்கை கொஞ்சம் எடுத்துவந்து, விரலால் நசுக்கி, கவரின் வாயில் தடவி, அழுத்தி ஒட்டினாள். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ராசு பேனாவை ஊதி ஊதி விலாசம் எழுதினார்.

அக்கா.

அக்கா, விரலை அவிழ்த்துவிடு.

அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் மூடியிருந்தது. தாளில் இருந்த மாதிரியே, சரியாக.

மாயவன் முதுகிலிருந்து மூங்கில் பத்தையை உருவினான். தலை சாயவில்லை. துணியை ஆணியிலிருந்து கழற்றி, நாலாக மடித்தான். விரல் கட்டைக் காட்டிப் பெரியம்மாள் ஏதோ கேட்டாள். கவர் தெருவைத் தாண்டட்டும் என்று அவன் சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். நேராக வாசலில் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

வரேன் என்று சொல்லவில்லை.

குஞ்சம்மாள் எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டாள். எதிர்வீடுதான், எத்தனை தடவை வந்தாலும் வரேண்டி என்று சொல்லாமல் போகாத பெண்பிள்ளை. அவளும் சொல்லவில்லை. எந்த வீட்டிலிருந்து மனிதர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள் என்று ராஜாம்பாளுக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் கூரியர் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று அம்மாசி டி.வி.எஸ்.ஸைத் தெருவுக்குத் தள்ளினான். கவரை ராசு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், அவன் மடியில் வைத்தார். அம்மாசி வண்டியைக் கிளப்பினான். ஆனால் வேகமாகப் போகவில்லை. காலைத் தரையில் ஊன்றி ஊன்றி, நடக்கிற வேகத்தில் ஓட்டினான். ராசு பின்னால் நடந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வீடுகளிலிருந்து இன்னும் ரெண்டு மூன்று ஆண்கள் இறங்கி, ஒன்றும் கேட்காமல், அவருக்குப் பின்னால் நடந்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் போனார்கள். முனையில் நின்றுவிட்டார்கள்.

வாசல் வழியாக எல்லாம் தெரிந்தது. வண்டி திரும்பியது. விளக்குச் சிவப்பு ஒரு புள்ளியாகி, மலைக் கறுப்பில் மறைந்தது. சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கவர் போய்விட்டது. திரும்பி வராது.

முனையில் நின்ற பெண்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குழாயடிக்குப் போனார்கள். தண்ணீர் விழும் சத்தம். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம், ஒருத்திக்குப் பிறகு இன்னொருத்தி.

ஓர் ஈ வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. கையில் ஏறியது. பறந்தது. உதட்டில் உட்கார்ந்து உதடு சேர்ந்த கோட்டின்மேல் ஊர்ந்தது. பிறகு இடது கண்ணில் வந்து உட்கார்ந்தது. இமையில் இல்லை. கண்ணில். முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது. கருமணியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஈரத்தை நக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்தது.

அது நடப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.